தராசு இல்லாத நாள்

ஞாயிற்றுக்கிழமை காலையில், இலங்கையின் தேயிலை மலையகத்தில் இருக்கிற ஹட்டன் பஸ் நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பொகவந்தலாவை, மஸ்கெலியா, நோர்வூட் பக்கமிருந்து வரும் ஒவ்வொரு பஸ்ஸிலிருந்தும் பிள்ளைகள் புத்தகப் பையோடு இறங்கி டியூஷன் வகுப்புக்கு ஓடுகிறார்கள். பின்னாலேயே அம்மாமார். கிழமை முழுக்க மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்தவர்களுக்குச் சாமான் வாங்கவும், அடகுக் கடைக்குப் போகவும், மருந்து எடுக்கவும் இந்த ஒரு நாள்தான் இருக்கிறது. சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிறு என்றால் டவுனில் கால் வைக்க இடமிருக்காது. ஓய்வு தேடி நுவரெலியாவுக்குப் போகிற வான்கள் இந்தக் கூட்டத்துக்குள் ஹோர்ன் அடித்துக்கொண்டு ஊர்ந்து போகும். ஊரெல்லாம் ஓய்வெடுக்க வந்துசேரும் மலை இது. இங்கே பிறந்தவர்கள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறோம்.

நான் இந்த ஊரில் ஆசிரியை. தோட்டத்து லயத்தில், தொழிலாளருக்கான வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்து, படித்து, இப்போது டவுனில் வாடகை வீட்டில் இருக்கிறேன். என்னைப் போல வெளியே வந்த மலையகத்தார் நிறையப் பேர் உண்டு. எங்கள் முதுகில் கொழுந்துக் கூடை இல்லை. பாடக்குறிப்பு, தவணைப் பரீட்சை, வங்கிக் கடன், கொழும்பில் தங்கி வேலை செய்யும் தம்பிமாரின் கஷ்டம், இரவு பத்து மணிக்கும் ஓயாத வாட்ஸ்அப் குழு என்று வேறு பாரங்கள் இருக்கின்றன. ஏன் இப்படி ஓடுகிறோம் என்று யாரைக் கேட்டாலும், "ஓடாட்டி முடியுமா?" என்கிறார்கள். அந்தப் பதிலைப் பல நாட்களாக மனதில் வைத்து யோசித்திருக்கிறேன். அதற்குள் ஒரு பயம் இருக்கிறது. நின்றுவிட்டால் கணக்கிலிருந்து கழித்துவிடுவார்கள் என்ற பயம். எங்கள் மக்களுக்கு அந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல.

என் அப்பாயியின், அப்பாவுடைய அம்மாவின், நாளைச் சொன்னால் புரியும். விடியுமுன்னே பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, கூப்பிடும் தப்பு அடிக்கும். அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, பிள்ளையைத் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான புள்ளக் காம்பராவில் விட்டுவிட்டு, பெரட்டுக்குப் பிந்தாமல் போய் நிற்க வேண்டும். பிந்தினால் அன்றைக்கு வேலையில்லை என்று திருப்பி அனுப்பவும் கூடும். பிறகு நாள் முழுக்கத் தராசுதான் ஆட்சி செய்யும். காலையில் ஒரு நிறுவை, மத்தியானம் ஒன்று, பின்னேரம் ஒன்று. தோட்டத்துக்குத் தோட்டம் 16 கிலோ, 18 கிலோ, 20 கிலோ என்று அளவு வைத்திருப்பார்கள். அதை எடுத்தால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர். மழை நாளில் கொழுந்தின் ஈரத்துக்கென்று வேறு கழிப்பார்கள். காய்ச்சலில் கை ஓடாத நாளும், பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போய் வந்த நேரமும் தராசுக்குத் தெரியாது. அது கிலோவை மட்டும் பார்க்கும்.

அந்தத் தராசுக்கு முன்னால் மூன்று, நான்கு தலைமுறை நின்றிருக்கிறது. இந்திய வம்சாவளி என்று 1948இல் எங்கள் குடியுரிமை பறிபோனது. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு சொந்தங்கள் பிரிந்து இந்தியாவுக்குக் கப்பலேறின. நாடற்றவர் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. நாட்சம்பளம் 1000 ரூபாயாக 2021வரை காத்திருந்தோம். 1350 ஆக 2024 ஆனது. உட்கார்ந்தால் பறிபோகும் என்று உடம்பே கற்றுக்கொண்ட ஒரு மக்கள் கூட்டம் நாங்கள். பேத்தி டீச்சராகி நாற்காலியில் உட்கார்ந்தாலும் அவளுக்குள் தராசு ஆடிக்கொண்டிருக்கிறது. எத்தனை பிள்ளை பரீட்சையில் சித்தி, எத்தனை வேலை முடிந்தது, மற்றவள் எவ்வளவு முன்னுக்குப் போய்விட்டாள்.

ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்தை, தேவன் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்த இடத்தை, சிறு வயதில் அப்பாயிக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். அப்பாயிக்கு எழுத்துத் தெரியாது. கேட்டுக்கொண்டிருந்தவர் சொன்னார்: "ஆண்டவரு ஏழா நாளு ஒக்காந்தாரு. நம்மள எவன் புள்ள ஒக்கார விட்டான்?"

அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. வேதத்தில் பதில் இருக்கிறது என்று இப்போது நம்புகிறேன். பத்துக் கட்டளைகள் வேதத்தில் இரண்டு இடங்களில் வருகின்றன. யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில், தேவன் ஆறு நாளில் வானத்தையும் பூமியையும் உண்டாக்கி ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார், ஆகவே நீயும் ஓய்ந்திரு என்று வருகிறது. உபாகமம் 5ஆம் அதிகாரத்தில் அதே கட்டளைக்கு வேறொரு காரணம் சொல்லப்படுகிறது. நீ எகிப்து தேசத்தில் அடிமையாயிருந்தாய், உன் தேவனாகிய கர்த்தர் உன்னை அங்கிருந்து புறப்படப்பண்ணினார், அதை நினைத்துக்கொள். அதனால் ஓய்வுநாளை ஆசரி. அப்பாயியின் கேள்விக்கு அந்த இரண்டாவது காரணம்தான் பதில்.

எகிப்தில் என்ன நடந்தது என்று யாத்திராகமம் 5ஆம் அதிகாரத்தை எங்கள் தோட்டத்துப் பெண்கள் யாரிடமாவது வாசித்துக் காட்டினால் விளக்கவுரை தேவைப்படாது. அடிமைகளான இஸ்ரவேலர் அறுக்கிற செங்கலுக்கு ஒரு கணக்கு. வைக்கோல் கொடுப்பதை நிறுத்திவிட்டு, செங்கல் கணக்கை மட்டும் குறைக்காமல் வைத்தார்கள். கணக்குக் குறைந்ததும் அடி. முறையிடப் போனவர்களுக்கு எகிப்தின் ராஜா பார்வோன் சொன்ன பதில்: "நீங்கள் சோம்பலாயிருக்கிறீர்கள், சோம்பலாயிருக்கிறீர்கள்." வேலை வாங்குகிறவன் எந்தக் காலத்திலும் சொல்கிற பதில். எங்கள் மக்களும் இதைக் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கிலிருந்து வெளியே வந்த மக்களுக்குத் தேவன் கொடுத்த கட்டளைகளில் ஒன்று, ஒரு நாள் ஒன்றும் எடுக்காதே, நிறுக்காதே, உட்கார் என்பது. உழைத்து முடித்ததற்குக் கொடுக்கிற பரிசாக அவர் அதைக் கொடுக்கவில்லை. வேலை முடிந்திருந்தாலும் முடியாவிட்டாலும் ஏழாம் நாள் வரும். நீ இனி பார்வோனுடைய ஆள் இல்லை என்பதற்கு வாராவாரம் வருகிற சாட்சி அது.

ஓய்வுநாள் சனியா ஞாயிறா என்ற வாதத்துக்குள் இங்கே போகவில்லை. சனியை ஆசரிக்கிற சபைகளும் ஞாயிறை ஆசரிக்கிற சபைகளும் எங்கள் மலையில் உண்டு. நான் ஞாயிற்றுக்கிழமையை, ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாளை, ஆசரிக்கிற சபையில் வளர்ந்தவள்.

அந்தச் சபைக்கும் ஒரு கதை இருக்கிறது. தோட்டத் தொழிலாளரிடையே ஊழியம் செய்ய 1854இல் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோது கோப்பிக் காலம். தேயிலை இன்னும் தோட்டப் பயிராகியிருக்கவில்லை. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்து சுவிசேஷம் சொன்னார்கள். தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரத் துரைமாருக்கு அவர்களுடைய கோயில்கள் தனியாக எழும்பின. காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி டிக்கோயாவில் நிற்கிற வார்லி கோயில் 1878இல் கட்டப்பட்டது. கல் சுவரும் வண்ணக் கண்ணாடியுமாக, அழகான கோயில். அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும்பும். உபாகமத்தின் கட்டளையில், "உன் வேலைக்காரனும் உன் வேலைக்காரியும்" உன்னைப் போல இளைப்பாற வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. குதிரையில் கோயிலுக்கு வந்த துரையின் ஞாயிறு, பங்களா அடுப்படியில் நின்ற சமையற்கார அப்புவரைக்கும் போய்ச் சேர்ந்ததா?

அதே கேள்வியை நான் இன்று எங்களைப் பார்த்தும் கேட்கிறேன். ஓய்வுநாள் கட்டளை முதலில் பேசுவது வேலை வாங்குகிறவரோடு. கொழும்புக் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் நிற்கிற எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஞாயிறு லீவு கிடைக்கிறது? வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருக்கிற விசுவாசிகள் ஆராதனைக்குப் போய்வரும்போது, சமைத்து வைத்துக் காத்திருக்கிற அந்தப் பிள்ளைக்கு எந்த நாள் ஓய்வுநாள்? அவளும் மலையகத்துப் பிள்ளையாகத்தான் அநேகமாக இருப்பாள். நம் ஓய்வை இன்னொருத்தியின் முதுகில் ஏற்றி வைத்துவிட்டு அதைத் தேவனுக்கு மகிமை என்று சொல்ல முடியாது.

"வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே! நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள். நான் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவேன்." மத்தேயு 11:28. மலையகத்தில் இந்த வசனம் எழுதாத கிறிஸ்தவ வீட்டுச் சுவர் குறைவு. காலண்டரில், கதவு மேல், கல்லறையில், எல்லா இடத்திலும் இருக்கும். கூடைக் கயிறு தலையில் அழுந்தி முடி கொட்டிப்போன பெண்களுக்குப் பாரம் என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அடுத்த வசனத்தை நாங்கள் சுவரில் எழுதுவது குறைவு. "என் நுகத்தை உங்கள்மேல் ஏற்றுக்கொண்டு, என்னிடத்தில் கற்றுக்கொள்ளுங்கள்" என்கிறார் அவர். பாரத்தோடு வந்தவர்களுக்கு நுகமா என்று இளவயதில் எனக்கு மனத்தாங்கலாகவே இருந்தது. இயேசு வேலையிலிருந்து நம்மைக் கழற்றிவிடவில்லை என்று வர வர விளங்கியது. யாருக்காக வேலை செய்கிறோம் என்பதை மாற்றுகிறார். பார்வோனின் நுகத்துக்குக் கீழே இருக்கிறவன் தூக்கத்திலும் செங்கல் எண்ணுவான். இவருடைய நுகத்துக்குக் கீழே வந்தவன், வேலை மிச்சமிருக்கும்போதே படுத்துத் தூங்கலாம். அவரும் அப்படித் தூங்கியவர்தான். புயலில் படகு நிரம்புகிறபோது பின்னணியத்தில் தலையணை வைத்து நித்திரையாயிருந்தார் என்று மாற்கு எழுதுகிறார். பிதாவின் கையில் கடல் இருக்கிறது என்று அறிந்தவருடைய நித்திரை.

127ஆம் சங்கீதமும் இதைத்தான் சொல்கிறது. "நீங்கள் அதிகாலையில் எழுந்து, நேரப்பட வேலையிலே தரித்து, வருத்தத்தின் அப்பத்தைச் சாப்பிடுகிறதும் விருதா, அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்." அதிகாலையில் எழுந்து எழுந்து தேய்ந்த மக்களுக்கு முன்னால் இதை வாசிக்கக் கூச்சமாக இருக்கும். எழும்பாதே என்று அவர்களுக்குச் சொல்ல நான் யார்? ஆனால் தூக்கம் தேவன் கொடுக்கிற ஈவு, உழைக்காத நேரத்தின் வெட்கம் அல்ல என்று அவர்களிடம் யாராவது சொல்லத்தான் வேண்டும்.

தேயிலையோடு வாழ்ந்தவர்களுக்கு இது தெரியாத காரியமும் அல்ல. உயரத்தைப் பொறுத்து மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கொரு தடவை மலையைக் கவ்வாத்து வெட்டுவார்கள், அதாவது தேயிலைச் செடிகளின் கிளைகளைக் குட்டையாக வெட்டிவிடுவார்கள். வெட்டிய செடியில் ஓர் இலையும் மிஞ்சாமல் போகலாம். அது மறுபடி துளிர்ப்பது வேரில் சேர்ந்திருக்கிற மாச்சத்தைக் கொண்டுதான். அந்த மாச்சத்து இருக்கிறதா என்று பார்க்க வேரில் ஒரு துண்டை வெட்டி அயடின் தடவுவார்கள். கருநீலமாக மாறினால் வெட்டலாம். மாறாவிட்டால் கொழுந்து எடுப்பதைச் சில கிழமைகள் நிறுத்தி, செடியைச் சும்மா விட வேண்டும். சத்தில்லாத செடியில் கத்தியை வைத்தால் அது பட்டுப்போகும். வெளியே பச்சையாக நிற்கிற செடியைப் பார்த்து இது சொல்ல முடியாது. எங்கள் வீடுகளிலும் அப்படிப் பச்சையாக நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு நோயோ ஒரு சாவோ வந்து வெட்டும்போதுதான் வேரில் ஒன்றும் இல்லை என்பது தெரிய வரும். செடிக்கு ஓய்வு கொடுக்கத் தெரிந்த தோட்டத்துக்கு, கொழுந்து எடுத்தவளுக்கு ஓய்வு கொடுக்கத் தெரியாமல் போனது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

ஓய்வு கற்றுத் தருகிற ஓரிடம் எங்கள் மலையிலேயே இருக்கிறது. ஹப்புத்தளைக்கு மேலே அடிசம் பங்களா. தோமஸ் வில்லியர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1931இல் கட்டிய கல் வீடு. 1960களிலிருந்து பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். வார இறுதியிலும் போயா என்ற பௌர்ணமி விடுமுறை நாட்களிலும் மக்கள் போய்ப் பார்ப்பார்கள். துறவிகளின் ஜேம் போத்தலை வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். எனக்கு அங்கே பிடித்தது அவர்களுடைய நாளின் ஒழுங்கு. 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிவைத்த விதியில், ஜெபத்துக்கு அழைக்கிற ஒலி கேட்டதும் கையில் இருக்கிற வேலையை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு எழுந்து போக வேண்டும் என்று இருக்கிறது. முடித்துவிட்டு வருகிறேன் என்ற பேச்சு இல்லை. துறவிகள் சோம்பேறிகளும் அல்ல. தோட்ட வேலை, சமையல், பழம் பதப்படுத்துவது என்று கை ஓயாமல் உழைக்கிறவர்கள். உழைப்புக்கு ஒரு வேலி போட்டிருக்கிறார்கள். இதே மலைகளில் தப்பும் சங்கும் மனிதர்களைக் கணக்குக்கு அழைத்தன. அங்கே மணி, கணக்கை வைத்துவிட்டு வா என்று அழைக்கிறது.

மடத்துக்குப் போக எல்லோராலும் முடியாது. வீட்டில் செய்ய முடிந்ததை நான் செய்கிறேன். ஆதியாகமத்தில் நாள் சாயங்காலத்தில் தொடங்குகிறது; "சாயங்காலமும் விடியற்காலமுமாகி" என்றுதான் முதல் ஆறு நாளும் வருகிறது. அதனால் எங்கள் வீட்டு ஞாயிறு சனிக்கிழமை பொழுது சாயும்போதே தொடங்கிவிடும். உடுப்புத் துவைப்பது, தேங்காய் துருவி வைப்பது எல்லாம் அதற்கு முன்னால். போன் அலுமாரிக்குள் போகும். திருத்தாத விடைத்தாள்கள் திருத்தாமலே கிடக்கும். மனம் உடனே அடங்குவதில்லை, அதுவும் உண்மை. தராசு நின்ற பிறகும் தட்டு கொஞ்ச நேரம் ஆடத்தானே செய்யும். ஜெபத்தில் பெரிதாக ஒன்றும் கேட்பதில்லை. "ஆண்டவரே, இது முடியவில்லை, நீர் பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லி, முடியாத வேலைகளை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி அவரிடம் கொடுப்பேன். ஓய்வுக்கு விசுவாசம் வேண்டியிருப்பது அந்த இடத்தில்தான். நான் பார்க்காவிட்டாலும் உலகம் நடக்கும் என்று நம்ப வேண்டியிருக்கிறது.

ஞாயிறு டியூஷனும் நான் எடுப்பதில்லை. ஒரு தாய் கேட்டார்: "டீச்சர், எல்லாப் புள்ளையும் போகுது. எம் மகன் மட்டும் சண்டே ஸ்கூலுக்குப் போனா பின்னுக்குப் போயிருவானே?" புலமைப்பரிசில் பரீட்சை எழுத இருக்கிற பிள்ளை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. தராசுக்கு முன்னால் நின்ற பெண்ணின் கேள்வி. கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டதும் என்னிடம் விடுங்கள், காசு வேண்டாம் என்றேன். வனாந்தரத்தில் ஏழாம் நாளுக்கான மன்னாவை, வானத்திலிருந்து தந்த அந்த உணவை, தேவன் ஆறாம் நாளிலேயே இரண்டத்தனையாகக் கொடுத்தார். ஒரு பிள்ளை ஞாயிறு ஓய்ந்திருக்க வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை யாராவது அந்த மன்னாவைக் கொண்டுவர வேண்டும். சபை என்று ஒன்று இருப்பது இதற்கும்தான். ஞாயிறு கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போகிற தாயைப் பார்த்து முகம் சுளிப்பதற்கு முன்னால், அவளுடைய கடன் எவ்வளவு என்று கேட்டிருக்கிறோமா?

சபைக்குள்ளேயும் ஓட்டம் இருக்கிறது. உபவாச ஜெபம், இரவு ஜெபம், கன்வென்ஷன், கரோல், கூட்டத்துக்குப் பிறகு கமிட்டி. எங்கள் போதகர்கள் பலர் மலைக்கு மலை மோட்டார் சைக்கிளில் மழையில் ஓடுகிறார்கள். ஒரே ஞாயிறில் மூன்று இடத்தில் ஆராதனை. சீஷர்கள் ஊழியம் முடித்து வந்து இயேசுவிடம் அறிக்கை கொடுத்தபோது, சாப்பிடக்கூட நேரமில்லாத அவர்களைப் பார்த்து, தனித்துச் சற்றே இளைப்பாறும்படி வாருங்கள் என்றார் அவர். அடுத்த ஊருக்கு அப்போதே அனுப்பவில்லை. சாகும்படி கேட்டுச் சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தான். பிரசங்கம் பிறகுதான் வந்தது.

கடைசியாகப் பெண்களின் ஞாயிறு. இதை எழுதாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் ஆண்களுக்கு மட்டுமாகிவிடும். ஆறு நாள் மலையில் நிற்கிறவள் ஏழாம் நாள் அடுப்படியில் நிற்கிறாள். இயேசு வீட்டுக்கு வந்தபோது பரிமாறும் வேலையில் ஓடிய மார்த்தாளின் கதையை நம் சபைகளில் பிரசங்கிக்கும்போது சமையலில் மெனக்கெடுகிற பெண்ணைக் கடிந்துகொள்வார்கள்; பிரசங்கம் முடிந்ததும் அவள் சமைத்ததைச் சாப்பிடுவார்கள். "மார்த்தாளே, மார்த்தாளே" என்று இரண்டு தரம் அழைத்த இயேசுவின் குரலில் அன்பு இருந்தது. அவள் கவலையிலிருந்து எழுந்து வந்து உட்கார வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். அவள் வந்து உட்கார்ந்தால் அடுப்பை யார் பார்ப்பது? மலையகத்து ஆண்கள் இந்தக் கேள்வியை நேராகப் பார்க்க வேண்டும்.

எங்கள் சிறிய சபையில் அண்மையில் ஓர் ஏற்பாடு தொடங்கியிருக்கிறோம். மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லோருக்கும் அங்கேயே சாப்பாடு. சமைப்பதும் பரிமாறுவதும் கழுவுவதும் ஆண்கள். முதல் தடவை, ஓய்வூதியத்துக்கு வந்த ஒரு தோட்டத்து அம்மாவால் உட்காரவே முடியவில்லை. பாதியில் எழுந்து எழுந்து பானைப் பக்கம் போனார். வாலிபர் சங்கத்துப் பையன் ஒருவன் அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கிக்கொண்டு, "அம்மாயி, நீங்க ஒக்காருங்க, நாங்க இருக்கோம்ல" என்றான். எனக்கு அப்பாயியின் கேள்வி ஞாபகத்துக்கு வந்தது. அவர் உயிரோடு இருந்திருந்தால் அந்த வாங்கில் உட்கார்ந்திருப்பார்.

வருகிற ஞாயிறு மறுபடியும் அந்தச் சாப்பாட்டு ஞாயிறு. சோறு, பருப்பு, சோயா மீட், கட்டச்சம்பல் என்று பையன்கள் தீர்மானித்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்து லயங்களுக்கும் சொல்லிவிட்டோம். பக்கத்தில் இருக்கிறவர்கள் நீங்களும் வாருங்கள். பெண்கள் ஒன்றும் கொண்டுவர வேண்டாம்.